தட்டு மாற்றாத தாம்பூலம்

பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே தமிழனாகப் பிறந்து முதலில் லாரிக் கொட்டகை போட்டவன் நான். கட்டை வண்டி ஓட்டியவனுக்கு லாரி எதற்கு என்று சிரித்த துரை, பின்னால் தன் ரப்பர் மூட்டைகளை என் லாரியில்தான் ஏற்றினான். சோடாக் கம்பெனி வைத்தேன். பாட்டில்கள் வெடித்துக் கூரை பாதி பறந்தது. இரும்புக் கூரை போட்டு மறுபடி வைத்தேன். சதுப்பு நிலத்தில் வீடு நிற்காது என்றார்கள். நிற்கிறது, வந்து பார்க்கலாம். மாரியம்மன் கோயில் முன்மண்டபம் நான் கட்டியது. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நான் கட்டியதுதான். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன்.

இதையெல்லாம் ஏன் எடுத்த எடுப்பில் சொல்கிறேன் என்றால், சென்னைப் பத்திரிகை ஒன்று என்னை ‘யாரோ ஒரு கடல் கடந்த வியாபாரி’ என்று எழுதியிருக்கிறது. யாரோவாம்! யார் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

என் ஒரே மகள் பாக்கியம், பட்டணத்தில் தன் தாய்மாமன் சபாபதி வீட்டில் தங்கிச் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தாள். பட்டணம் போய்த் திரும்பிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “உங்க பொண்ணு அடையாத்துல ஏகதீப சபையில பாடுது. அதை அங்கேயே தீபகன்னியா வெச்சுக்கப் போறாங்களாம்” என்றார். தீபகன்னி என்றால் என்ன என்று கேட்டேன். கல்யாணம் கிடையாது, வீடு கிடையாது, அப்பன் வைத்த பேர்கூடக் கிடையாது. ஆயுசு முழுவதும் சபை விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு பாட வேண்டியதுதான் என்றார். நான் பெட்டியைக் கட்டினேன்.

துறைமுகத்துக்கு சபாபதி வரவில்லை. ஜட்கா பிடித்தேன். நான் கொஞ்சம் கனத்த உடம்பு. பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பின்னால் சாய்ந்து, ஏர்க்கால் மேலே எழும்பி, குதிரையின் முன்கால்கள் தரையைத் தேடின.

“இன்னா நைனா, மனுசனா மூட்டையா? முன்னால நவுந்து குந்து. குதிர பறக்குது பாரு!” என்றான் வண்டிக்காரன்.

முன்னால் நகர்ந்தேன். இப்போது குதிரை குனிந்தது. நடுவில் ஓர் இடம் கண்டுபிடித்து, அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு மவுண்ட் ரோடு முழுவதும் வந்தேன். வழியில் ஒவ்வொரு சாராயக் கடை வாசலிலும் குதிரை தானாக நின்றது. “அது நின்னா நான் எறங்கியே ஆவணும், இல்லாட்டி கோச்சுக்கும்” என்று அவன் இறங்கிப் போனான். பினாங்கில் ரிக்‌ஷா இழுக்கும் சீனன் இப்படிச் செய்தால் அன்றோடு அவன் பிழைப்பு முடிந்தது. இங்கே சவாரிக்காரன்தான் காத்திருக்க வேண்டும்.

ஏகதீப சபை தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம? வெள்ளிக்கெழமைன்னா மோட்டாரு வருசையா போய்க்கினே இருக்கும். டிராமாக்காரரு, ஜமீனு, பாரிஸ்டரு எல்லாம் போறாங்கோ. நம்ம வண்டிய மட்டும் வாசல்ல நிறுத்த உடமாட்டானுங்கோ. குதிர சாணி போடுதாம். சாமி ஒளியத் துன்னுக்கினு உயிரோட கீறாராம், நைனா. சாணி வாசன வந்தா ஒளி கெட்டுடுமாம்.”

முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. சந்தேகப்படுவது என் வழக்கம். நான் கட்டியதெல்லாம் சந்தேகத்தின்மேல் கட்டியதுதான்.

தியாகராய நகர் என்று புதிதாக ஒன்று உண்டாக்கியிருக்கிறார்கள். ஏரியைத் தூர்த்து மனை போட்டது. சாலைகள் கோடு கிழித்தது போல இருக்கின்றன, வீடுகள்தான் இன்னும் வந்து சேரவில்லை. சபாபதி வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஈரம். அஸ்திவாரத்தில் கல் போதவில்லை என்று பார்த்ததுமே சொன்னேன். அவன் காதில் விழவில்லை. கூடத்தில் என் மாமனார் படம் இருந்த ஆணியில் இப்போது வெள்ளை அங்கி போட்ட ஒருவர் படம். ஏகதீபர். ஒளியை மட்டும் சாப்பிடுகிறவர் என்றார்கள். படத்தில் தொப்பை நன்றாகவே விழுந்திருந்தது.

“நேர்ல பாக்காம பேசாதீங்க மாமா. அவ்வளவு பெரிய நடிகர், அவர் காலடியில தரையில உக்கார்றாரு” என்றான் சபாபதி.

“நடிகருக்கு உக்கார்றதும் எழுந்திருக்கிறதும்தானே தொழில்?” என்றேன்.

அந்த நடிகர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிராமபோன் பெட்டி உள்ள வீடுகளில் எல்லாம் அவர் குரல் உண்டு. எழுதினால் சபைக்கு வேலை பார்க்கும் பாரிஸ்டர் நோட்டீசு விடுவார்.

பாக்கியம் உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளைப் புடவை, காதில் தோடு இல்லை. கை கட்டிக்கொண்டு நின்றாள். பினாங்கில் இருந்தபோது லாரிச் சத்தத்தையும் மீறிச் சிரிக்கிற பெண். “வாங்கப்பா” என்று கோயிலில் பேசுவது போலச் சொன்னாள்.

மறுநாள் அந்தச் சபையைப் பற்றி விசாரிக்க மயிலாப்பூர் போனேன். டிராமில் இடம் பிடித்தால் மாட வீதி வரைக்கும் வெயில் படாமல் போகலாம். அதில் பட்டணத்தைக் குறை சொல்லமாட்டேன். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப்புக்குள் நுழைந்தேன். நடுவில் மூங்கில் தட்டி கட்டி, அந்தப் பக்கம் பிராமணர்களுக்கு என்று பலகை. இந்தப் பக்கம் மற்றவர்கள். எங்கள் ஊரில் தைப்பூசத்துக்குச் சீனனும் தேங்காய் உடைக்கிறான். அவனுக்கென்று தனித் தட்டி கட்டினால் என்ன கேட்பான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காபி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் போலிருக்கிறது. அப்படி ஒரு காபியை நான் பினாங்கில் குடித்ததில்லை. அங்கே துணிப்பையில் வடித்துக் கறுப்பாக ஊற்றுவார்கள்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு கேட்டது.

“எங்காத்து மன்னியும் ஏகதீபர்கிட்ட போயிண்டிருக்கா, ஓய்.”

“எல்லாரும் ஒண்ணுங்கறாளே அங்கே. மன்னி எப்படிச் சாப்பிடறா?”

“அதுக்கெல்லாம் ஏற்பாடு இருக்கு. கீழே உக்காந்துண்டு சமத்துவம் கேக்கணும். மாடிக்குப் போய்த் தனியா இலை போட்டுக்கணும். பெரிய மனுஷாளுக்கு மட்டும்.”

“பேஷ்! அப்போ நாமும் போலாம்.”

இருவரும் சிரித்தார்கள். என் காபி ஆறிப்போயிருந்தது. இன்னொன்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சபாபதியும் பாக்கியமும் யாருடைய மோட்டாரிலோ முன்னால் போய்விட்டார்கள். நான் பஸ்ஸில் போனேன். அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளினோம். லாரி தள்ளிப் பழகிய கை என்னுடையது. நான் தோள் கொடுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. ஓடத் தெரிந்தவர்கள் தொற்றிக்கொண்டார்கள். நான் பாலத்தின் நடுவில் நின்றேன்.

பின்னால் ஒரு பெண் சிரிப்பு. காலி மீன்கூடையும், அதற்குள் துணி சுற்றிய பித்தளைத் தட்டுமாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

“காசும் குடுத்து வண்டியயும் தள்ளிக்கினு வந்தியா நைனா? எந்த ஊரு சாமர்த்தியம் இது?”

பெயர் பிலோமினாள். சாந்தோம் குப்பத்துக்காரி. அவளும் சபைக்குத்தான் போகிறாள் என்றதும் எனக்கு ஆச்சரியம். மாதா கோயில்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

“மாதா கோயிலு ஞாயித்துக்கெழம. இது வெள்ளிக்கெழம. சாந்தோம்ல காலையிலயே வித்துடுவேன், அடையாத்துல வெள்ளிக்கெழம எவன் மீன் வாங்குவான்?” என்றாள். கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: “எம் புள்ள அந்தோணி கட்டுமரத்துல போனான், வரல. ஒடம்பும் வரல. எல்லா உசுரும் ஒரே வெளக்குன்னு அந்தச் சாமி சொல்றாரு. வெத்தல பாக்கு தட்ட அவரு கையால வாங்கிக்கினு வெளக்கு ஏத்துனா, போன உசுரு வழி தெரிஞ்சி வருமாம். வாரா வாரம் எடுத்துக்கினு வரேன். ‘அப்புறம் வா, அப்புறம் வா’ன்றானுங்கோ தொண்டருங்கோ.”

சவுக்குத் தோப்புக்குள் பெரிய பங்களா. ஆறு கடலில் விழுகிற இடம் தெரிந்தது. பந்தலுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே ஜமுக்காளம், வெளியே மணல். பிலோமினாள் கேட்காமலே மணலில் உட்கார்ந்தாள். என்னை சபாபதி ஓடி வந்து உள்ளே அழைத்துப் போனான். நடிகர் சம்மணம் போட்டிருந்தார், காதில் வைரக் கடுக்கன். ஜமீன்தாருக்கு மட்டும் முட்டி மடங்காது என்று ஒரு நாற்காலி. பாக்கியம் மேடையில் பாடினாள். அவள் பாட்டைப் பற்றி அப்பன் நான் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: கூட்டம் மூச்சு விடவில்லை.

பிறகு ஏகதீபர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். “கடல் கடந்து தருமம் வளர்த்த பெரியவர்” என்று கூட்டத்துக்குச் சொன்னார். மண்டபம், பள்ளிக்கூடம், சோடாக் கம்பெனி ஒன்றும் விடவில்லை. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பட்டுத் துண்டு வைத்த வெள்ளித் தட்டை நீட்டினார். போட்டோக்காரன் தயாராக நின்றான். எனக்குச் செய்கிற மரியாதையை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. வாங்கினேன். உடனே நாதசுரமும் தவிலுமாகக் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

“தந்தையே சம்மதித்தார்! வருகிற வெள்ளி, பௌர்ணமியன்று, பாக்கியம் தீபத்துக்கு அர்ப்பணம்!” என்று பாரிஸ்டர் கோர்ட்டில் பேசுவது போலக் கூவினார்.

மரியாதை என்று நான் நினைத்த தட்டு, பெண் கேட்டு நீட்டிய தட்டு! சபாபதியின் சட்டையைப் பிடித்தேன்.

“தட்டை வாங்கிட்டீங்களே மாமா. இத்தனை பேரு பாத்தாங்க. தாம்பூலம் வாங்கினப்புறம் பேச்சு மாறலாமா?” என்றான் அவன்.

சாப்பாட்டுக்கு எங்களைக் கீழே பந்தியில் உட்கார வைத்தார்கள். புளியோதரையில் உப்பு இல்லை. நடிகரும் பாரிஸ்டரும் மாடிப்படி ஏறிப் போனார்கள். படியில் ஒரு தொண்டர் காவல் நின்றார். காபி கிளப்பில் கேட்டது சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்திடம் மாடிப் பந்தியைப் பற்றிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அங்கே இலை போடுவார்கள் என்றாள்.

“அப்பா, நீங்க தட்டை வாங்கினப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சண்டை போடுவீங்கன்னு பயந்தேன்” என்றாள்.

“அங்கே என்னம்மா இருக்கு?”

“யாரும் என்ன சாதின்னு கேக்கறதில்ல. யாரு பொண்ணுன்னு கேக்கறதில்ல. அப்புறம் அங்கே யாரும் ‘நான் கட்டினேன், நான் கட்டினேன்’னு சொல்றதில்லப்பா.”

சோடா பாட்டில் வெடித்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு அடி பட்டதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கப்பல் ஏறியிருக்கலாம். உடம்புதான் வந்திருக்கும், பெண் வந்திருக்கமாட்டாள்.

அந்த வெள்ளித் தட்டு கூடத்து மேசைமேல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்து நிச்சயதார்த்தம் ஞாபகம் வந்தது. மாமனார் தட்டைக் கொடுத்தார், என் பக்கத்துப் பெரியவர் தட்டைக் கொடுத்தார், இருவரும் கைமாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம். அடையாற்றிலோ நான் வாங்கியிருக்கிறேன், கொடுக்கவில்லை! ஒரு பக்கத்துத் தட்டு மட்டும் போனால் அது பரிசம் இல்லை, பலகாரம்.

அடுத்த நாளே சாந்தோம் போனேன். பிலோமினாள் குடிசையில் நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டாள். பினாங்கில் மீன் பெரிது, ருசி சின்னது. கை கழுவிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்: என் பக்கத்துத் தட்டை, என் தங்கை முறையில், அவள் கையால் அந்தச் சாமியிடம் கொடுக்க வேண்டும்.

“என்னிய வெச்சி வேடிக்க காட்டப் போறியா நைனா?”

“இல்லம்மா. உன் தட்டு போய்ச் சேரணும், என் பொண்ணு திரும்பணும்.”

“கையில வாங்கிட்டாருன்னா?”

“வாங்கிட்டாருன்னா அவர் நிஜமான சாமி. உன் மகனுக்கு விளக்கு எரியும். என் பொண்ணு அங்கேயே இருக்கட்டும், நான் வாயை மூடிக்கிட்டுக் கப்பல் ஏறிடறேன்.”

“பொண்ண வெச்சி பந்தயம் கட்டறியே, நீ பெரிய ஆளு நைனா” என்று சொல்லிவிட்டு, தட்டைப் புளி போட்டுத் தேய்க்க எடுத்துப் போனாள்.

பௌர்ணமி வெள்ளி. கடலுக்குமேல் நிலா எழும்பும் நேரத்தில் சடங்கு. ஒரு டாக்கி நடிகையும் வந்திருந்தார். தோப்பு முழுவதும் செண்டு வாசனை. பாக்கியம் மேடையில் ஒரு சின்ன அகல் விளக்கை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாடினாள். அதைப் பெரிய தீபத்தோடு சேர்த்துவிட்டால் முடிந்தது. பிறகு அவளைப் பாக்கியம் என்று கூப்பிடக் கூடாது.

நான் எழுந்தேன்.

“ஒரு நிமிஷம். போன வாரம் நான் தட்டு வாங்கினேன். கொடுக்கல. எங்க வழக்கத்துல தட்டு மாத்தினாத்தான் சம்மதம். இங்கே இருக்கிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம். இல்லைன்னா யாராவது சொல்லுங்க.”

யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கல்யாணம் பண்ணி வைத்தவர்கள்தானே? பாரிஸ்டர்கூடத் தலையை ஆட்டினார். ஏகதீபர் சிரித்தார். “தாராளமாகக் கொடுங்கள், பெரியவரே” என்றார்.

“என் பக்கத்துத் தட்டைக் கொடுக்கப்போறது என் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பார்த்துக் கையசைத்தேன்.

பிலோமினாள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடையை வெளியே வைத்திருந்தாள், புடவையும் துவைத்தது. ஆனால் கடல்காற்று அவளுக்குப் பின்னாலிருந்துதான் வீசியது, மீன் வாசனையோடு. நடிகர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். ஜமுக்காளத்தில் தானாக ஒரு வழி உண்டாயிற்று. அவள் மேடைக்கு முன்னால் போய்த் தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, நடுவில் திரி போட்ட ஓர் அகல், அவ்வளவுதான்.

ஏகதீபரின் கை பாதி எழுந்தது. அவர் பார்வை நடிகரிடமும் ஜமீன்தாரிடமும் போய்த் திரும்பியது. கை மடிக்கே போய்விட்டது.

தொண்டர் ஒருவர் ஓடி வந்தார். “கீழே வெச்சிட்டுப் போம்மா. நாங்க எடுத்துக்கறோம்.” இன்னொருவர் சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார், அவள் வைத்த பிறகு தெளிப்பதற்கு.

“கீய வெக்கறதுக்கா வாரா வாரம் வந்தேன்?” என்றாள் பிலோமினாள். சத்தம் போடவில்லை. “கையில வாங்கு சாமி. எல்லாம் ஒரே வெளக்குன்னு நீதானே சொன்ன?”

ஏகதீபர் கண்ணை மூடினார். “நிஷ்டை! சுவாமி நிஷ்டையில் ஆழ்ந்துவிட்டார்!” என்று பாரிஸ்டர் கூவினார். எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். நிஷ்டையில் இருந்தவர் தட்டு எட்டாத தூரத்துக்கு இரண்டு சாண் பின்னால் நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

நான் மட்டும் பார்க்கவில்லை. மேடையில் பாக்கியத்தின் பாட்டு நின்றிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது கிடையாது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் படி இறங்கி வந்தாள். பிலோமினாள் எதிரே நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள்.

“யாரு பேருலம்மா விளக்கு?”

“அந்தோணி.”

பாக்கியம் தன் கையிலிருந்த அகலைச் சாய்த்து அந்தத் திரியைப் பற்றவைத்தாள். சபைத் தீபத்தோடு சேர வேண்டிய விளக்கு அது. பிறகு தட்டைக் கையிலேயே ஏந்திக்கொண்டு கயிற்றைத் தாண்டி வெளியே போனாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். காற்றில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. கடலோரமாக நடந்தோம். முகத்துவாரத்தில் ஓடக்காரன் காசு வேண்டாம் என்றான். அந்தோணி அவனுக்குச் சிநேகிதனாம். சாந்தோம் கரையில் பிலோமினாள் அந்த விளக்கை மணலில் வைத்துவிட்டுச் சத்தமாக அழுதாள். பாக்கியம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இதுதான் நடந்தது. இனி மற்றவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பாக்கியத்துக்குப் பக்குவம் போதவில்லை, நாங்களே அனுப்பிவிட்டோம் என்கிறது சபை. ஆரம்பத்திலிருந்தே தனக்குச் சந்தேகம் இருந்தது என்கிறான் சபாபதி; ஆணியில் மறுபடி மாமனார் தொங்குகிறார். எல்லாவற்றையும் மிஞ்சியவர் அந்த நடிகர். ஒரு நாடகக் கொட்டகை மேடையில், ஏழை மீனவப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானம் பொறுக்காமல் தாம் சபையைத் துறந்ததாகப் பேசி, கண்ணீர் விட்டு, மாலையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். மூக்கில் வைத்த கைக்குட்டையால்தான் கண்ணைத் துடைத்திருப்பார். பத்திரிகை அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘யாரோ ஒரு கடல் கடந்த வியாபாரியும் அங்கிருந்தார்’ என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறது.

அங்கே சும்மா இருந்தவனா நான்? தட்டு மாற்றவில்லை என்று கண்டுபிடித்தது யார்? கூட்டத்தில் எழுந்து நின்றது யார்?

இதைப் பாக்கியத்திடம் கப்பலில் சொன்னேன். “விளக்கை ஏத்தினது நான்ப்பா. தட்டு பிலோமினாம்மாவோடது” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். லாரிச் சத்தத்தை மீறும் பழைய சிரிப்பு. கப்பல் இன்ஜினையும் மீறியது. சரி, அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கிறேன். வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஆகவே பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு: சாந்தோம் பிலோமினாள், பாக்கியம், பினாங்கு லாரிக் கொட்டகை வடிவேலு என்று மூன்று பெயரையும் போட்டுத் திருத்தி எழுத வேண்டும். என் பெயர் மூன்றாவதாக இருக்கட்டும், பரவாயில்லை. அந்த நடிகர் பெயருக்குக் கீழே மட்டும் அது வரக்கூடாது.